கமிஷன் பிடிக்கவில்லையா, வெளியே போ!

இணையச் சந்தைகளின் கமிஷனைப் பற்றிப் புலம்பும் வியாபாரிகளுக்குச் சென்ற இதழில் ஒருவர் பாடம் எடுத்திருக்கிறார். அவர் சொல்வதன் சாரம் இதுதான்: ஒரு டீக்கடையில் விலை ஏறினால் எதிர்த்த கடைக்குப் போகிறோம், அதேபோல் ஒரு தளம் கட்டணத்தை ஏற்றினால் இன்னொரு தளத்துக்குப் போய்விட வேண்டியதுதானே? இணையத்தில் போட்டியாளர் ஒரு கிளிக் தூரத்தில்தான் இருக்கிறார். ஆகவே அரசும் நீதிமன்றமும் இதில் மூக்கை நுழைக்க வேண்டாம், கட்டணம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே போட்டியே அதை நிறுத்திவிடும். இதற்குச் சாட்சியாக ஏலத் தளங்களான ஈபே, யாஹூ, சீனத்துச் சந்தைத் தளமான தாவோபாவோ மூன்றையும் கூண்டில் ஏற்றியிருக்கிறார். சாட்சிகள் நல்ல சாட்சிகள்தான். முழு வாக்குமூலத்தையும் கேட்காமல் பாதியிலேயே இறக்கி அனுப்பிவிட்டார்.

டீக்கடையை முதலில் முடித்துவிடுவோம். டீக்கடைக்குப் போகிறவன் டீ குடிக்கப் போகிறான். ஏலத் தளத்துக்குப் போகிற விற்பனையாளன் அங்கே கூடியிருக்கும் கூட்டத்துக்காகப் போகிறான். எதிர்த்த கடையிலும் டீ கிடைக்கும். எதிர்த்த தளத்தில் கூட்டம் கிடைக்காது. விற்பவன் ஒருவன் கோபித்துக்கொண்டு தெருவைக் கடந்தால் வாங்குகிறவர்கள் அவன் பின்னால் வரமாட்டார்கள், ஏனென்றால் மற்ற விற்பனையாளர்கள் எல்லோரும் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். மற்ற விற்பனையாளர்கள் ஏன் இந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்றால், வாங்குகிறவர்கள் இங்கே இருப்பதால்தான்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு அவர் அழைத்த யாஹூவே சாட்சி. அதுவரை இலவசமாக ஏலம் நடத்திவந்த யாஹூ, 2001 ஜனவரியில் பட்டியலிடக் கட்டணம் விதித்தது. பொருள்கள் மளமளவென்று காணாமல் போயின. 2005இல் மறுபடியும் இலவசமாக்கிப் பார்த்தும் பயனில்லை. 2007இல் அமெரிக்க ஏலப் பிரிவையே இழுத்து மூடினார்கள். கட்டணம் போட்டவனைச் சந்தை தண்டித்தது பாருங்கள் என்று கட்டுரையாளர் கைதட்டுகிறார். அதே ஜனவரியில் ஈபேயும் கட்டணத்தை ஏற்றியது என்பதை மட்டும் சொல்லவில்லை. மலிவான பொருள்களுக்கு 25 சென்ட்டாக இருந்த பட்டியல் கட்டணம் 30 சென்ட் ஆனது. ஈபேயைவிட்டு யாரும் கூட்டமாகக் கிளம்பவில்லை, அந்த ஆண்டும் அந்த நிறுவனம் வளர்ந்தது. ஒரே மாதம், ஒரே நாடு, ஒரே தொழில். காசு கேட்ட சின்னக் கடை காலியானது, காசை ஏற்றிய பெரிய கடை நிறைந்தே இருந்தது. இதைப் போட்டியின் தண்டனை என்று அழைத்தால், அந்தத் தண்டனை சிறியவனுக்கு மட்டும்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, அந்தப் புகழ்பெற்ற ஒரு கிளிக்.

அந்தக் கிளிக்கை உண்மையாக்க ஒரு நிறுவனம் இருந்தது. பெயர் பிடர்ஸ் எட்ஜ். நூற்றுக்கும் மேற்பட்ட ஏலத் தளங்களைத் துழாவி, ஒரே பொருள் எங்கெங்கே என்ன விலைக்கு ஏலத்தில் இருக்கிறது என்று ஒரே பக்கத்தில் அது காட்டியது. வாங்குகிறவன் எந்தத் தளத்தின் வாசலில் நிற்கிறோம் என்றே கவலைப்பட வேண்டியதில்லை. விற்கிறவனும் கட்டணம் குறைந்த சின்னத் தளத்தில் பொருளை வைத்துவிட்டு, ஈபேயில் வைத்தவனுக்குச் சமமாகக் கண்ணில் படலாம். கட்டுரையாளர் கனவு காணும் போட்டி இதுதான். ஈபே வழக்குத் தொடுத்தது. 2000 மே மாதம் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி ரொனால்ட் வைட் தடை விதித்தார். பிறர் பொருளில் அத்துமீறிக் கைவைப்பது பற்றிய பழைய ஆங்கிலச் சட்டக் கோட்பாட்டைத் தூசி தட்டி எடுத்து, ஈபேயின் சர்வரை அந்த நிறுவனத்தின் தேடல் நிரல் தொடுவதே அத்துமீறல் என்று வாதம் நடந்தது. அந்த நிரல் தந்த சுமை, ஈபேயின் மொத்தச் சுமையில் ஒன்று, ஒன்றரை சதவீதம். இன்று இவர், நாளை இன்னும் பத்துப் பேர் வந்தால் தாங்குமா என்பது நீதிமன்றத்தின் கவலை. வழக்கு 2001இல் சமரசத்தில் முடிந்தது. விலையை ஒப்பிட்டுக் காட்டிய அந்தப் பக்கம் அதற்குள் இல்லாமலே போய்விட்டது. நீதிமன்றம் மூக்கை நுழைக்கக் கூடாது என்கிறவர் முதலில் இந்த மூக்கைக் கொஞ்சம் பார்க்கட்டும். அது யார் பக்கமாக நுழைந்தது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது வியாபாரிக்கு இன்னும் அதிகமாக வலிக்கிற இடம். ஈபேயில் விற்கிறவனின் உண்மையான முதல், சரக்கு அல்ல, பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நிற்கும் அந்த எண். வாங்கியவர்கள் ஒவ்வொருவராகத் தந்த நற்சான்று, வருடக்கணக்கில் சேர்ந்தது. 1999இல் அமேசான் ஏலப் பிரிவு தொடங்கியபோது, ஈபேயில் சேர்த்த அந்த மதிப்பெண்ணைத் தன் தளத்துக்குக் கொண்டுவர விற்பனையாளர்களை அனுமதித்தது. ஈபே வரிந்துகட்டிக்கொண்டு எதிர்த்தது. அந்த மதிப்பெண் எங்கள் சொத்து என்றது. அமேசான் பின்வாங்கியது. சரக்கு அனுப்பியவன் விற்பனையாளன், உடைந்து போனால் பணம் திருப்பித் தந்தவன் விற்பனையாளன், நள்ளிரவில் பதில் எழுதியவன் விற்பனையாளன். நல்ல பெயர் மட்டும் தளத்தின் சொத்து! வெளியே போகிறவன் போகலாம், பெயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதைக் கிளிக்குகளில் எப்படி அளப்பது?

பணம் வாங்கும் வழியும் இப்படியே. 2002இல் பேபாலைச் சுமார் 150 கோடி டாலருக்கு ஈபே வாங்கியது. அதன் பிறகு விற்ற தொகையில் ஒரு கழிவு தளத்துக்கு, பணம் கைக்கு வர இன்னொரு கழிவு பேபாலுக்கு. 2015இல் பேபால் தனியே பிரியும் வரை இரண்டு கல்லாவும் ஒரே வீட்டில்தான் இருந்தன. 2008இல் ஆஸ்திரேலியாவில், நேரில் வந்து வாங்குவோர் தவிர மற்ற எல்லோரும் பேபால் வழியாக மட்டுமே பணம் செலுத்த வேண்டும் என்று ஈபே விதி கொண்டுவரப் பார்த்தது. அதைத் தடுத்தது எதிர்த்த கடை இல்லை. அந்நாட்டுப் போட்டி ஆணையம் ஆட்சேபித்தது, ஈபே விதியைச் சுருட்டிக்கொண்டது.

கட்டுரையாளரின் துருப்புச் சீட்டு தாவோபாவோ. ஈபே சீனாவின் ஈச்நெட் தளத்தை வாங்கியது, கட்டணம் வாங்கியது. 2003இல் பிறந்த தாவோபாவோ கட்டணமே இல்லை என்றது. 2006 முடிவதற்குள் ஈபே தன் சீனத் தளத்தை உள்ளூர்க் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியது. உண்மைதான். இடைவேளையில் எழுந்து போனவருக்குப் படம் சுபமாகத்தான் முடிந்திருக்கும். இரண்டாம் பாதி இது: 2011 அக்டோபரில், தாவோபாவோவின் அங்காடிப் பிரிவில் கடை வைத்திருந்தவர்களுக்கு 6,000 யுவானாக இருந்த ஆண்டுக் கட்டணத்தை 30,000 அல்லது 60,000 ஆக்குவதாக அறிவித்தார்கள். 10,000 யுவான் வைப்புத் தொகை 1,50,000 வரை போனது. சிறு வியாபாரிகள் எதிர்த்த கடைக்குப் போகவில்லை. போவதற்கு எதிர்த்த கடை ஏது? அதே தளத்தில் இருந்த பெரிய கடைகளில் ஆயிரக்கணக்கில் ஆர்டர் போட்டு ரத்து செய்து கலகம் பண்ணினார்கள். அரசின் வணிக அமைச்சகம் தலையிட்ட பிறகுதான் தாவோபாவோவின் தாய் நிறுவனமான அலிபாபா ஏற்கெனவே இருந்த கடைகளுக்கு அவகாசம் தந்தது. பத்தாண்டு கழித்து, 2021 ஏப்ரலில், அலிபாபாவுக்கு 1,823 கோடி யுவான் அபராதம். குற்றம் என்ன தெரியுமா? எங்களிடம் விற்றால் போட்டித் தளத்தில் விற்கக் கூடாது என்று வியாபாரிகளை வற்புறுத்தியது. போட்டியின் வெற்றிக்குக் கட்டுரையாளர் காட்டும் உதாரணமே, போட்டியை நெரித்ததற்காக அபராதம் கட்டியது.

ஜப்பானில் இன்னும் சுருக்கம். அங்கே யாஹூ முந்திக்கொண்டது. ஈபே 2002 மார்ச்சில் மூட்டை கட்டியது. அதே வசந்தத்தில் யாஹூ ஜப்பான், விற்ற தொகையில் 3% கேட்க ஆரம்பித்தது. பிறகு அது 5% ஆனது, இன்று 10%. இலவசம் என்பது போட்டியாளன் ஊரில் இருக்கும் வரைதான்.

இப்போது எல்லோரும் பூஜ்யக் கமிஷன் தருகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்பார். பிரிட்டனில் 2024 அக்டோபரில் தனிநபர் விற்பனைக்கு ஈபே கட்டணத்தை எடுத்துவிட்டது. விண்டெட் போன்ற பழைய துணித் தளங்கள் கொடுத்த நெருக்கடி அது, ஒப்புக்கொள்கிறேன். நான்கே மாதத்தில், 2025 பிப்ரவரியில், வாங்குகிறவர் தலையில் ‘பாதுகாப்புக் கட்டணம்’ ஏறியது. ஏலக்காரர்களுக்கு இது பழைய வித்தை. லண்டனில் கிறிஸ்டீஸும் சதபீஸும் வாங்குவோரிடமும் கழிவு வாங்க ஆரம்பித்தது 1975இல். 1995இல் விற்போர் கழிவைக் குறைக்கவே கூடாது என்று இரண்டும் ரகசியமாகக் கைகுலுக்கிக்கொண்டன. சதபீஸ் தலைவர் டாப்மன் அதற்காகவே சிறைக்குப் போனார். இரண்டு கடை எதிரெதிரே இருந்தால் போட்டி தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் அந்த வழக்கைப் படிக்கலாம்.

நம்மூரிலும் 2025 ஏப்ரல் முதல் 300 ரூபாய்க்கு உட்பட்ட பல வகைப் பொருள்களுக்குப் பரிந்துரைக் கட்டணம், அதாவது கமிஷன், இல்லை என்று அமேசான் அறிவித்தது. மீஷோ 2021இலேயே பூஜ்யக் கமிஷன் என்றது. கரூரில் 299 ரூபாய்ப் படுக்கை விரிப்பு விற்கிறவரின் செட்டில்மென்ட் தாளைத் திறந்து பார்த்தால் தெரியும். கமிஷன் வரியில் சுழி. கீழே எடைக்கும் தூரத்துக்கும் ஏற்ற டெலிவரிக் கட்டணம். தளத்தைப் பொறுத்து ஒரு முடிப்புக் கட்டணம். இந்தச் சேவைகளின் மேல் 18% ஜிஎஸ்டி. விற்பனைத் தொகையில் டிசிஎஸ் அரை சதவீதம், டிடிஎஸ் 0.1 சதவீதம், இவை வரிக் கணக்கில் நேர் செய்யக்கூடியவைதான், ஆனால் அதுவரை அது அவருடைய முடங்கிய பணம். வாங்கியவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் வருகிற கூலியும் இவர் தலையில். விளம்பரத்துக்குக் காசு கட்டாவிட்டால் அவருடைய விரிப்பு ஐந்தாம் பக்கத்தில் கிடக்கும். அந்த விளம்பரக் காசை யாரும் கமிஷன் என்று அழைப்பதில்லை. ஒரு வரியில் சுழி போட்டுவிட்டு ஐந்து வரிகளில் அறுவடை செய்வதைத்தான் கட்டுரையாளர் போட்டியின் வெற்றி என்று கொண்டாடுகிறார்.

கடைசியாக அவர் தரும் அறிவுரை: எந்தத் தளமும் வேண்டாமா, சொந்த வலைத்தளம் வைத்துக் கமிஷனை மிச்சம் பிடித்து விலையைக் குறைத்து விற்றுக்கொள்ளுங்கள். அமேசான் ஐரோப்பாவில் தன் வியாபாரிகள் வேறெங்கும் குறைந்த விலையில் விற்கக் கூடாது என்றே விதி வைத்திருந்தது. ஜெர்மானிய, பிரிட்டிஷ் போட்டி அமைப்புகள் விசாரித்த பிறகு 2013இல் அதைக் கைவிட்டது. அமெரிக்காவில் 2019 வரை அந்த விதி இருந்தது. விதி போன பிறகும் வேலை நிற்கவில்லை என்பதுதான் அமெரிக்க வணிக ஆணையம் 17 மாநிலங்களோடு சேர்ந்து 2023 செப்டம்பரில் தொடுத்த வழக்கின் முக்கியக் குற்றச்சாட்டு. வெளியே விலை குறைந்திருப்பது தெரிந்தால், உள்ளே அந்த வியாபாரியின் பொருளுக்கு வாங்கும் பொத்தான் பறிபோகிறது, தேடலில் அடியில் தள்ளப்படுகிறது என்கிறது ஆணையம். அப்படியானால் அமேசானின் கட்டணத்தைச் சேர்த்துப் போட்ட விலையைத்தான் அவர் தன் சொந்தத் தளத்திலும் போட வேண்டும். கமிஷனே இல்லாத இடத்தில்கூடக் கமிஷனுக்கான விலை! அமேசான் மறுக்கிறது, நீதிமன்றம் முடிவு சொல்லட்டும். ஆனால் கட்டணத்தைப் போட்டியே பார்த்துக்கொள்ளும் என்று நான்கு பக்கம் எழுதியவர், போட்டியாளரிடம் விலையைக் குறைக்கவே கூடாது என்ற விதியை எதற்காகப் போட்டிருப்பார்கள் என்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.