குழாய் யார் கையில இருக்கணும்?

ஒரு குற்றத்தை ஒத்துக்கணும் மக்களே. கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு ஆண்ட்ராய்டில ஒரு வீடியோ பிளேயர் எழுதினேன். ரூம்மேட் அவன் போன்ல ஓட்டிப் பார்த்தான். படம் பளிச்சுனு ஓடுச்சு. நாற்பதாவது நிமிஷம் அவனோட அன்னிக்கு டேட்டா 1.5 ஜிபியும் காலி! அன்னிக்கு ராத்திரிதான் ஹால் டிக்கெட் இறக்கக் கடைசி நேரம். ஹாட்ஸ்பாட்டும் கொடுத்து, திட்டும் வாங்கிக்கிட்டேன்.

கணக்கு ரொம்ப எளிசு. 5 எம்பிபிஎஸ் வீடியோன்னா மணிக்கு 2.25 ஜிபி. நெட் வேகமா இருந்தா பிளேயர் தானாவே பெரிய தரத்துக்குத் தாவிடும். பர்ஸ் யாரோடதுன்னு அதுக்குத் தெரியாது.

முதல்ல ஒரு அசட்டு வேலை பண்ணேன். டேட்டா படிக்கிற லூப்புக்குள்ள ஸ்லீப் போட்டு இறக்கத்தையே மெதுவாக்கினேன். (சிரிக்காதீங்க.) படம் ஆரம்பிக்கவே நேரமாச்சு, பஃபர் நிறையவே இல்ல, நடுநடுவுல சக்கரம் சுத்துச்சு. தப்பு எங்கன்னா, நான் குறைக்க வேண்டியது வேகத்தை இல்ல, தரத்தை. ஹெச்எல்எஸ், டேஷ் ரெண்டுலயும் ஒரே வீடியோ பல பிட்ரேட்டுல சின்னச் சின்னத் துண்டா இருக்கும். எக்ஸோபிளேயர்ல செட்மேக்ஸ்வீடியோபிட்ரேட்னு ஒரு வரி, உள்ள 800000. அவ்ளோதான். துண்டு முழு வேகத்துல இறங்கும், ஆனா சின்னத் துண்டா இறங்கும். ஒலியையும் சேர்த்து அதே 1.5 ஜிபி மூன்றரை மணி நேரம் வரும். ஒண்ணு கவனிங்க: அந்த எண் பைட் இல்ல, பிட். அதோட, இருக்கிறதுலயே சின்ன தரம் இந்த வரம்பைத் தாண்டினா, பிளேயர் வரம்பை ஓரமா வெச்சுட்டு அதையே ஓட்டும்.

ஐபோன்லயும் இதுக்கு ஒரு வரி இருக்கு. 2020 மார்ச்ல ஐரோப்பாவுல நெட்வொர்க் நெரிசலுக்குப் பயந்து கேட்டப்போ, நெட்ஃபிளிக்ஸ் 30 நாளைக்கு பிட்ரேட்டைக் குறைச்சுது. டிராஃபிக் சுமார் 25 சதவீதம் குறையும்னும் சொல்லுச்சு. ஆக, முடியாத வேலை இல்ல.

அதனால என் கட்சி இதுதான்: மொபைல் டேட்டான்னா வரம்பு தானா விழணும். வேணும்கிறவங்க ஒரே தட்டுல எடுத்துக்கலாம். மூணு மெனுவுக்கு அடியில ஒளிச்சு வைக்கிறது ஆப் எழுதுறவங்களோட சோம்பேறித்தனம், என்னையும் சேர்த்துத்தான். "தரம் குறைஞ்சா ஆள் ஓடிடுவான்"னு கிளாஸ்ல ஒருத்தன் வாதாடினான். ஆறு இஞ்ச் திரையில 480பிக்கும் 1080பிக்கும் வித்தியாசம் தெரியும்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா என் ரூம்மேட் ஓடினது தரத்தைப் பார்த்து இல்லையே :-)

இப்போ பிளேயர்ல அந்த வரியைச் சேர்த்தாச்சு. அவன் இன்னும் திரும்ப இன்ஸ்டால் பண்ணல.