தெரியாத மொழியிலே பாடிய சகோதரிகள்

கொரியப் பெண்கள் இசைக்குழு என்றவுடன் நம் வீட்டு இளையோர் பிளாக்பிங்க் என்பர். அவர்களிலும் சற்று மூத்தவர் வொண்டர் கேர்ள்ஸ் என்பர். 2009இல் வொண்டர் கேர்ள்ஸ் குழுவினர் அமெரிக்காவின் பில்போர்ட் நூறு பாடற் பட்டியலில் 76ஆம் இடத்தை எட்டியபோது, கொரியப் பெண்கள் அந்நாட்டு மேடையில் அப்பொழுதுதான் முதன்முதலாகக் கால்வைத்தனர் என்றே நாமும் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழை. அதற்குச் சரியாக ஐம்பது ஆண்டுகள் முன்னதாக, 1959 ஜனவரியில், மூன்று இளம்பெண்கள் லாஸ் வேகாஸ் நகரில் வந்திறங்கியிருந்தனர். கிம் சகோதரிகள் என்பது அவர்தம் குழுவின் பெயர். பழைய ஒளிப்பதிவொன்றிலே அவர்களைக் கண்டநாள் முதலாக நாம் அவர்களுடைய இரசிகர். ஆகவே இவ்வாரம் எழுதப்போவது நடுநிலையான ஆய்வன்று என்பதனை வாசகர்கள் பொறுத்தருள்க.

சுக்ஜா, ஏஜா இருவரும் உடன்பிறந்தோர். மூன்றாமவரான மின்ஜா அவர்களுடைய தாய்மாமன் மகள். குழுவுக்காகக் கிம் என்ற குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்டவர். சகோதரியர் இருவரின் தாயார் லீ நன்யோங், யப்பானியர் ஆட்சிக்காலத்தில், 1935இல், மொக்போ துறைமுகத்தின் கண்ணீரைப் பாடி நாடெங்கும் புகழ்பெற்றவர். தந்தையார் கிம் ஹேசொங் இசையமைப்பாளர். 1950இல் போர் மூண்டபோது அவர் வடகொரியப் படையினராற் பிடித்துச் செல்லப்பட்டார். திரும்பி வரவில்லை. ஏழு பிள்ளைகளுடன் தாய் தனித்து நின்றார். அதன்பின் அக்குடும்பம் பட்டதை இப்பத்திரிகையின் வாசகருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அமெரிக்கப் படைமுகாம்களிற் பாடினால் வயிறு நிரம்பும் என்பதனைத் தாயார் கண்டுகொண்டார். கறுப்புச் சந்தையில் ஆங்கில இசைத்தட்டுக்களை வாங்கிவந்து பிள்ளைகளைப் பயிற்றினார். ஒரு சொல்லுக்கேனும் அவர்களுக்குப் பொருள் தெரியாது. ஓசையை ஓசையாகவே மனனஞ் செய்தனர். பாடம் சரியாக வந்தால் வாழைப்பழம் உண்டு, வராவிட்டால் இல்லை. பதினைந்து வயதையும் எட்டாத மூவர் கூடார மேடையில் நின்று பாட, படையினர் ஆரவாரித்தனர். கூலியாகக் கிடைத்தவை பெரும்பாலும் விஸ்கிப் போத்தல்களும் சொக்கலேற்றுமே. அந்த விஸ்கியைக் கொடுத்து அரிசி வாங்கினார்கள். பிற்காலத்தில் சுக்ஜா வழங்கிய வாய்மொழி வரலாற்றிலே இவையெல்லாம் பதிவாகியுள்ளன.

இசையைப் பொறுத்தவரை இதுவே அவர்களது முதற்காலம். அமெரிக்காவில் அந்நாளிற் புகழ்பெற்றிருந்த சகோதரிக் குழுக்களின் மூன்றுகுரல் ஒத்திசையை அப்படியே பிரதிசெய்தனர். பிரதிதானே என்று தள்ளிவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. பொருள் தெரியாதவர் ஓசைக்குக் கொடுக்கும் கவனத்தைப் பொருள் தெரிந்தவர் கொடுப்பதில்லை. ஒரு குரல் மற்றொன்றை முந்தாமல், மூன்றும் ஒரே மூச்சில் முடியும் அந்த நேர்த்தி, பிழைவிட்டாற் பட்டினி என்ற நிலையிலே கற்ற நேர்த்தியாகும்.

லாஸ் வேகாஸில் முதலில் தண்டர்பேட் விடுதியில் ஆடிப்பாடினர். அந்நிகழ்ச்சியின் பெயர் சைனா டோல். கொரியப் பெண்கள் சீனப் பொம்மைகளாக மேடையேறினர்! பார்க்க வந்தோருக்கு இரண்டும் ஒன்றே. அவ்வாண்டிலேயே எட் சலிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் அழைக்கப்பட்டனர். பின்னரும் பல தடவைகள் அங்கே தோன்றினர்.

அங்கேதான் இரண்டாங் காலம் தொடங்குகின்றது. நன்றாகப் பாடும் பெண்கள் அமெரிக்காவில் எண்ணற்றோர் இருந்தனர். ஆகவே இவர்கள் வாத்தியங்களைக் கையிலெடுத்தனர். சுக்ஜா சக்ஸபோன், ஏஜா பேஸ், மின்ஜா ட்ரம்ஸ். அதுவும் போதாதென்று பாஞ்சோ, சைலபோன், ஸ்கொட்லாந்து நாட்டவரின் பாக்பைப் என்று அடுக்கிக்கொண்டே போயினர். நொடிக்கு நொடி வாத்தியம் மாற்றும் அந்த வேகத்தைக் காணும்போது நமக்கு வியப்பு உண்டாகின்றது. சிறிது வருத்தமும் உண்டாகின்றது. வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஒரு குரல் போதும், கொரியப் பெண்ணுக்கோ குரலுடன் பத்து வாத்தியங்களும் வேண்டும் என்பது எந்த நீதி? இசை வளர்ச்சி என்று இதனை மெச்சுவோர் உளர். நாம் பாதிதான் மெச்சுவோம். மறுபாதி, மேடையை இழந்துவிடக்கூடாது என்ற அச்சம். எனினும் அவர்களுடைய முதல் இசைத்தட்டிலேயே கொரியரின் நாட்டார் பாடலான அரிராங் இடம்பெற்றிருந்ததனையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

தாயார் சியோலில் இருந்தபடியே கட்டளையிட்டார். காதல் கூடாது, பயிற்சி தவறக்கூடாது, மூவரும் பிரியக்கூடாது. இன்று சியோல் நகரத்துக் கம்பனிகள் தம் பயிற்சிப் பெண்களுக்கு விதிக்கும் காதல் தடையைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. லீ நன்யோங் அம்மையார் அதனைக் கடிதம் மூலமாகவே நடத்தினார்! 1960களின் தொடக்கத்தில் அவரும் அமெரிக்காவுக்கு வந்து மகள்மாருடன் எட் சலிவன் மேடையில் நின்று பாடினார். பின்னர் நாடு திரும்பி 1965இற் காலமானார்.

மகள்மார் தாயகத்துக்கு முதன்முறையாகத் திரும்பியது 1970இல். பதினொரு ஆண்டுகள் கழிந்திருந்தன. வரவேற்கத் தாய் இல்லை. தாய்நாட்டு இரசிகருக்காக அவர்கள் கொரிய மொழியிற் பதிவுசெய்த பாடல்களுள் ஒன்று கிம்சி பற்றியது. கோவாவையும் முள்ளங்கியையும் உப்பும் மிளகாயும் சேர்த்துப் புளிக்கவைக்கும் அந்த ஊறலுக்காக, தொலைதேசத்தில் வாழும் ஒருவர் ஏங்குவதாக அமைந்த பாடல். வேடிக்கைப் பாடலென்றே அதனைச் சொல்வர். நாமோ இதனையே அவர்களுடைய மூன்றாங் காலமாகக் கொள்கின்றோம். பாக்பைப் இல்லை, வித்தை இல்லை. பாடுகின்ற ஒவ்வொரு சொல்லின் பொருளும் பாடுவோர் நாவுக்குத் தெரியும். அவர்களுடைய பதிவுகளுள் நாம் திரும்பத் திரும்பக் கேட்பது இதனைத்தான்.

ஏஜா 1987இற் புற்றுநோயாற் காலமானார். சுக்ஜா லாஸ் வேகாஸிலேயே நிலைத்துவிட்டார். மின்ஜா மணந்துகொண்டவர் ரொமி விக் என்னும் ஜாஸ் இசைக்கலைஞர். 1956ஆம் ஆண்டுப் புரட்சியின்பின் ஹங்கேரியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர். இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே அவர் தம் பிறந்த நகரான புடாபெஸ்டுக்குத் திரும்பியபோது மின்ஜாவும் உடன் சென்று அங்கேயே குடியமர்ந்தார்.