புகார் சொன்ன பிள்ளைக்குக் காவல் யார்?

2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு பயின்றுவந்த தலித் மாணவர் ஒருவரை, அவருடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க முயன்ற தங்கையும் வெட்டுப்பட்டார். நிகழ்ந்ததைக் கண்ட உறவினரான முதியவர் ஒருவர் அதிர்ச்சியில் உயிரிழந்தார். தமிழகத்தையே உலுக்கிய இக்கொடுமையைக் கண்டிக்காத ஜனநாயக சக்திகள் இல்லை. ஆயினும், அந்த இரவுக்கு முன்பு நடந்ததைப் பற்றிய பேச்சு விரைவிலேயே ஓய்ந்துவிட்டது.

அந்த மாணவர் உடன் பயின்றவர்களின் துன்புறுத்தலைத் தாங்காமல் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தியிருந்தார். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தது. அவர் உண்மையைச் சொன்னார். புகார் பள்ளிக்குப் போனது. அதைத் தொடர்ந்தே அரிவாள் வீட்டுக்கு வந்தது.

அதாவது, பிள்ளை வாய் திறக்கவில்லை என்றோ, பள்ளி காது கொடுக்கவில்லை என்றோ இங்கே சொல்ல முடியாது. பிள்ளை சொன்னது, பள்ளி கேட்டது. கேட்டபின் என்ன செய்வது என்பதற்குத்தான் நம் கல்வி அமைப்பில் வழிமுறை இல்லை. புகார் கொடுக்கும் நேரத்திற்கும் புகார் கொடுத்த பிள்ளை பத்திரமாக உறங்கும் நேரத்திற்கும் இடைப்பட்ட பொழுதுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு எந்தப் பள்ளியிலும் தெளிவான விடை கிடையாது.

மாணவர்களிடையே எழும் எல்லாச் சண்டையும் துன்புறுத்தல் ஆகிவிடாது. பலத்தில் சமமான இருவர் மோதிக்கொள்வது சச்சரவு. பலம் மிகுந்தவர் பலம் குறைந்தவரைத் திரும்பத் திரும்ப இழிவுபடுத்துவதும், மிரட்டுவதும், ஒதுக்கிவைப்பதும் துன்புறுத்தல். அந்தப் பலம் உடல் வலிமையாக மட்டும் இருப்பதில்லை. சாதியாக, பணமாக, மதப் பெரும்பான்மையாக, மொழியாக, ஆண் என்னும் திமிராக, ஊனமற்ற உடலாக அது வகுப்பறைக்குள் வருகிறது. சமூகத்தின் ஏற்றத்தாழ்வு பள்ளி வாசலில் செருப்பைப் போலக் கழற்றி விடப்படுவதில்லை.

இந்த வேறுபாட்டை உணராததால் நம் பள்ளிகள் மூன்று தவறுகளைச் செய்கின்றன. முதலாவது, ‘பிள்ளைகள் விளையாட்டு’ என்று புறந்தள்ளுவது. இரண்டாவது, இருவரையும் ஒரே அறையில் நிறுத்திக் கைகுலுக்க வைத்து ‘சமரசம்’ செய்வது. மூன்றாவது, விவகாரம் முற்றியதும் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவது. தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு கூறுகிறது. இருந்தும் மாற்றுச் சான்றிதழ் மிரட்டல் இன்றும் ஓயவில்லை. பல நேரங்களில் வெளியேறுவது துன்புறுத்தியவர் அல்ல, துன்புறுத்தப்பட்டவரே.

தொழிற்சங்க அனுபவம் உள்ள தோழர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. மேற்பார்வையாளர் மீது புகார் சொன்ன தொழிலாளியை, அதே மேற்பார்வையாளர் முன்னால் நிறுத்தி ‘என்னப்பா, ஏதாவது குறை உண்டா?’ என்று நிர்வாகம் கேட்டால் என்ன பதில் வரும் என்பது நமக்குத் தெரியும். புகாருக்கு மறுநாளே பழிவாங்கல் தொடங்கும் என்பதும் தெரியும். புகார் கொடுத்தவர் தனித்து நிற்கக் கூடாது என்பதற்காகவே சங்கம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைக்குச் சங்கம் இல்லை. அந்த இடத்தில் பள்ளியே நிற்க வேண்டும்.

அப்படி நிற்பது எப்படி? துன்புறுத்தப்பட்டவரையும் துன்புறுத்தியவரையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். புகார் அன்றே எழுத்தில் பதிவாக வேண்டும். சொன்னவர் யார் என்பது தேவையற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. மிரட்டல் இருப்பின், அன்று மாலை அப்பிள்ளை எந்த வழியே வீடு செல்கிறது, யாருடன் செல்கிறது, வீட்டுக்கு யார் தகவல் சொல்வது, காவல்துறைக்கு எப்போது சொல்வது ஆகியவை பள்ளி மணி அடிக்கும் முன்பே முடிவாக வேண்டும். மறுநாளும், மறுவாரமும், மறுமாதமும் அப்பிள்ளையிடம் நிலைமை கேட்கப்பட வேண்டும். உடன் இருந்து பார்த்த மாணவர்களிடமும் பேச வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்களின் சிரிப்பே துன்புறுத்துபவருக்குக் கிடைக்கும் முதல் ஊக்கம்.

இவை நடைமுறைக்கு ஒவ்வாத கனவுகள் அல்ல. 1982இன் இறுதியில் நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டதை அடுத்து, 1983இல் அந்நாடு பள்ளிகளில் துன்புறுத்தலுக்கு எதிரான நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது. உளவியலாளர் டான் ஓல்வியஸ் பெர்கன் நகரப் பள்ளிகளில் நடத்திய பணியின் விளைவாக, துன்புறுத்தல் பற்றிய மாணவர் முறையீடுகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. பின்லாந்து, வேடிக்கை பார்க்கும் மாணவர்களைத் துணை நிற்பவர்களாக மாற்றுவதையே மையமாகக் கொண்ட திட்டத்தைப் பள்ளிகளில் பரவலாக்கியது. ஜப்பான் 2013இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றி, ஒவ்வொரு பள்ளியும் தடுப்பு அமைப்பு ஒன்றை உருவாக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. மூன்று நாடுகளிலும் பொறுப்பு தனியொரு ஆசிரியரின் நல்ல மனத்திடம் விடப்படவில்லை. அதற்கென ஆளும் பயிற்சியும் நேரமும் ஒதுக்கப்பட்டன.

நாங்குநேரி கொடுமைக்குப் பின் தமிழக அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, 2024 ஜூன் மாதம் தன் அறிக்கையை அளித்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்குவது, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பது, அகர வரிசையில் மாணவர்களை அமர்த்துவது எனப் பல பரிந்துரைகள் அதில் உள்ளன. பாஜகவும் அதன் துணை அமைப்புகளும், நெற்றித் திலகம் பற்றிய வரியை மட்டும் பிடித்துக்கொண்டு கூச்சல் எழுப்பின. அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது மற்றொரு பரிந்துரை: 500க்கும் மேற்பட்ட மாணவர்கள் பயிலும் மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது. புகாரைக் கேட்கவும், பின்தொடரவும் ஒரு மனிதர் வேண்டும் என்பதே இதன் பொருள்.

2025 ஜூலையில் அரசு நல விடுதிகள் ‘சமூகநீதி விடுதிகள்’ என்று பெயர் மாற்றப்பட்டன. வரவேற்கத்தக்கதே. ஆனால் பெயர்ப் பலகையை மாற்றச் செலவு குறைவு. பணியிடங்களை உருவாக்க நிதி வேண்டும். அங்கேதான் அரசுகளின் உறுதி சோதிக்கப்படுகிறது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பகுதியில், தேர்வெழுதப் பேருந்தில் சென்ற பதினோராம் வகுப்பு தலித் மாணவர் வழியில் வெட்டப்பட்டார். அடுத்த மாதமே பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் வகுப்புத் தோழரை அரிவாளால் வெட்டினார், தடுத்த ஆசிரியையும் காயமுற்றார். பென்சில் தொடர்பான பழைய தகராறே காரணம் என்று காவல்துறை தெரிவித்தது. பென்சில் தகராறு தொடங்கிய நாளில் அதை யாரிடம் சொல்வது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்ததா?

இது தென்மாவட்டங்களுக்கு மட்டும் உரிய சிக்கல் என்று பிற இடங்களில் வாழும் தோழர்கள் கருதிவிடக் கூடாது. பெங்களூருவின் அடுகோடியை எடுத்துக்கொள்வோம். 1950களில் மைக்கோ தொழிற்சாலை அங்கு எழுந்தது. இன்று அதே வளாகம் மென்பொருள், தொழில்நுட்பப் பணிகளின் மையமாகிவிட்டது. சுற்றியுள்ள குடியிருப்புகளில் கட்டுமானம், துப்புரவு, வீட்டுவேலை, ஒப்பந்தப் பணி ஆகியவற்றை நம்பி வாழும் குடும்பங்கள் நெருக்கியடித்து வசிக்கின்றன. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, இந்தி பேசும் வீடுகளின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். 1991இலும் 2016இலும் காவிரிப் பிரச்சினையின் பெயரால் அந்நகரில் மூண்ட வன்முறையின்போது பெரியவர்கள் பேசிய சொற்கள், பிள்ளைகளின் காதுகளிலும் விழுந்தவைதாம். வீட்டில் கேட்ட சொல் வகுப்பில் கேலியாகிறது.

அங்கே தமிழ்ப் பிள்ளைகள் எப்போதும் துன்புறுத்தப்படும் பக்கமே இருப்பார்கள் என்று எண்ணுவதும் தவறு. நேற்று வேலை தேடி வந்த பீகார் தொழிலாளியின் மகனைக் கேலி செய்யும் கூட்டத்தில் தமிழ்ப் பிள்ளையும் இருக்கக்கூடும். ஒசூரைத் தாண்டியதும் சாதி இறங்கிவிடுவதில்லை. ‘என் பிள்ளை அப்படிச் செய்யமாட்டான்’ என்ற சொல்லைக் கம்யூனிஸ்டுகளின் வீடுகளிலும் கேட்க நேரிடுகிறது. மேடையில் சமத்துவம் பேசும் வாய், பிள்ளையின் தவறு வெளிப்படும்போது அவனுக்காக வழக்காடினால், அந்தப் பிள்ளை கற்பது மேடைப் பேச்சை அல்ல.

துன்புறுத்தும் மாணவரும் ஒரு குழந்தையே என்பதை மறக்கவும் கூடாது. அவர் கையில் அரிவாளையும் மணிக்கட்டில் சாதிக் கயிற்றையும் தந்தவர்கள் பெரியவர்கள். சிறைக்கூடத்தை மட்டும் தீர்வாக முன்வைப்பது, அந்தப் பெரியவர்களைத் தப்பவிடும் வழி. குற்றத்துக்குச் சட்டப்படி நடவடிக்கை வேண்டும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும் இடத்தில் தயங்காமல் பொருந்த வேண்டும். அதே வேளையில், செய்ததன் பொருளை உணர்த்தி, ஈடு செய்ய வைத்து, மீண்டும் வகுப்புக்குத் தகுதியாக்கும் பணியும் நடக்க வேண்டும். அது மன்னிப்பைவிடக் கடினமானது, தண்டனையைவிடப் பயனுள்ளது.

கட்சிக் கிளைகளுக்கு இதில் உடனடிக் கடமைகள் உள்ளன. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். கர்நாடகத்தில் இது எஸ்.டி.எம்.சி. என அறியப்படுகிறது. இக்குழுக்கள் பெரும்பாலும் கையெழுத்துக் குழுக்களாகவே இயங்குகின்றன. நம் தோழர்கள், குறிப்பாக மாதர் அமைப்புத் தோழர்கள், அவற்றில் இடம்பெற்று மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும்: இப்பள்ளியில் புகாரைப் பெறுபவர் யார்? அது எந்தப் பதிவேட்டில் எழுதப்படுகிறது? புகார் கொடுத்த பிள்ளையை அன்று மாலை வீட்டில் சேர்ப்பது யார்? 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும், தமிழகத்தில் 14417 என்னும் கல்வி உதவி எண்ணும் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதப்பட வேண்டும். மாணவர், வாலிபர் அமைப்புகள் பள்ளி நல அலுவலர் பணியிடங்களுக்கான கோரிக்கையை ஆசிரியர் சங்கங்களுடன் இணைந்து முன்னெடுக்க வேண்டும். கூடுதல் சுமையாக இதை ஏற்கெனவே திணறும் ஆசிரியர் தலையில் கட்டுவது தீர்வாகாது.

நாங்குநேரி மாணவர் தம் பள்ளியை நம்பித்தான் பேசினார். அந்த நம்பிக்கைக்கு அன்று ஈடுகொடுக்க அமைப்பு இல்லை. அடுத்து வாய் திறக்கும் பிள்ளை எந்த ஊரில், எந்த மொழியில் பேசினாலும், அதற்குள் அந்த அமைப்பு இருந்தாக வேண்டும்.