மெட்டுக்கு உறுதி எழுதுவோர்

கலையை விலை பேசலாகாது என்னும் கூற்று தமிழ்ச் சூழலிலே ஓர் அறமாகவே போற்றப்பட்டு வருகின்றது. இவ்வறத்தை உரைப்போர் யாவர் என்று நோக்கின் உண்மை புலப்படும். படத் தயாரிப்பாளர் உரைப்பர். தொலைக்காட்சி நிலையத்தார் உரைப்பர். ஒளிப்பதிவாளனுக்கும் மின்விளக்குக்காரனுக்கும் நாட்கூலியை எண்ணிக் கொடுத்த பின்னர், மெட்டமைத்தவனிடம் மட்டும் ‘உமது பெயர் திரையிலே வரும்’ என்பர். பெயர் உலையிலே வேகாது.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் செட்டிபாளையம் போன்ற ஊர்களின் இளைஞர், கண்ணகி அம்மன் கோயிற் சடங்கின் உடுக்கொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள். இன்று கணினியும் ஒலிவாங்கியும் கொண்டு வீட்டறையிலேயே பாடல் பதியக் கூடியவர்கள். கொழும்பிலும் சென்னையிலும் புலம்பெயர் நாடுகளிலும் உருவாகும் குறும்படங்களும் தொடர்களும் அவர்களுக்குச் சந்தையாக விரிந்துள்ளன. அச்சந்தைக்கு அவர்கள் எதைக் கையிலேந்திச் செல்கின்றனர் என்பதே வினா.

ஒரு பாடலில் இரு உரிமைகள் அடங்கியுள்ளன. சொல்லும் மெட்டும் ஒன்று. பதியப்பட்ட ஒலி மற்றொன்று. படத்திலே அதனைச் சேர்ப்போர் இரண்டுக்கும் இசைவு பெறவேண்டும். தானே இயற்றித் தானே பதிந்தவனிடம் இரண்டும் ஒருங்கே உள. படத்தொகுப்பின் கடைசி வாரத்தில் அவசரப்படும் இயக்குநருக்கு ஒரே கையொப்பத்தில் காரியம் முடிகின்றது. இது இளைஞனின் வலிமை. ஆனால், அவ்வொரு கையொப்பத்திலேயே அவன் அனைத்தையும் இழந்தும் விடலாம். குறித்த படத்துக்கு, குறித்த நாடுகளில், குறித்த காலத்துக்குப் பயன்படுத்த அனுமதிப்பது வேறு. உரிமையையே கொடுத்துவிடுவது வேறு. வயலை ஒரு போகத்துக்குக் குத்தகைக்கு விடுவதற்கும் உறுதி முடித்துக் கொடுப்பதற்கும் உள்ள பேதத்தை மட்டக்களப்பு உழவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மெட்டு விடயத்தில் அவன் மகன் அதனை மறந்துவிடுகின்றான்.

தென்னாபிரிக்காவின் சொலமன் லிண்டா 1939இல் பதிந்த ‘முபூபே’ என்னும் பாடலின் உரிமை பத்து ஷில்லிங்குக்குக் கைமாறியது. அம்மெட்டு வேறு சொற்களில் உலகெங்கும் ஒலித்தது. 1994இல் டிஸ்னியின் ‘லயன் கிங்’ படத்திலும் புகுந்தது. லிண்டாவோ 1962இல் வறுமையிலே மாண்டார். அவர்தம் மக்கள் வழக்காடி இணக்கம் கண்டது 2006இல். இந்தியா தன் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் திரைப்பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய வருவாய்ப் பங்கை எழுதிக் கொடுத்து இழக்கவியலாதவாறு செய்தது. முன்னர் எழுதிக் கொடுத்தோர் பலர் என்பதற்கு அத்திருத்தமே சான்று.

எனினும், இளைஞர் பக்கமும் குற்றமுண்டு. வசந்தன் கூத்தின் தாளக்கட்டையும் குளிர்த்திப் பாடலின் மெட்டையும் எடுத்து, மேலே நவீன வாத்திய ஒலி பூசி, ‘சொந்த ஆக்கம்’ என்று அளிப்பது களவன்றோ? இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வழக்காறுகளின் வணிகப் பயன்பாட்டுக்கும் வரம்பிடுகின்றது. சட்டம் கிடக்கட்டும். யூடியூபின் உரிமை காணும் பொறி அண்ணாவியாரை அறியாது. பதிந்து கொடுத்தவனையே அது அறியும். ஆகவே, மரபு மெட்டைத் தன்னதென்று எழுதிக் கொடுப்பவன், நாளை கோயில் முன்றிலிலே பாடிய பாட்டை இணையத்திலிடும் ஊராரைக் குற்றவாளிகளாக்குகின்றான். வி. சீ. கந்தையா 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ வெளியிட்டபோது நூலின் தலைப்பிலேயே மண்ணின் பெயர் நின்றது. அந்நேர்மை பாடலின் கீழே ஒரு வரியிலேனும் வேண்டும்.

சிறு தயாரிப்பாளர் எங்கே போவார் என்று கேட்போர் உளர். பணமில்லாத மாணவ இயக்குநருக்கு இலவசமாகவே கொடுக்கலாம்; அதுவும் தாளிலே எழுதப்படல் வேண்டும். எந்தப் படம், எந்த நாடு, எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை, மரபிலிருந்து பெற்றது எது: ஒரு பக்கம் போதும். அந்த ஒரு பக்கத்தில் ஒப்பமிட மறுக்கும் தயாரிப்பாளர், மின்விளக்குக்காரனையும் ‘பெயர் வரும்’ என்று அழைத்துப் பார்க்கட்டும்.