ஒரு விசில், ஒரு கழுத்து!

2025-ல் முதல் ரக்பி பிரீமியர் லீக் கோப்பையை நம்ம சென்னை புல்ஸ் ஜெயிச்சதும், ஆதம்பாக்கத்துல நமக்கும் அந்தப் பந்து மேல ஆசை வந்தாச்சு. சந்தோஷம்! ஆனால் அது ஏழு பேர் ஆட்டம். பதினைந்து பேர் ஆட்டம் வேறு.

தொழில்முறை ஆட்டத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் அதற்கென்றே பழகிய ஆள்; நடுவருக்குத் துணையாக உதவி நடுவர்கள், டி.வி. நடுவர். மாணவர் ஆட்டத்திலோ பெரும்பாலும் ஒரே நடுவர், ஒரே விசில். ஆள் குறைஞ்சா, "டேய், ப்ராப் இடத்துல நீ நில்லுடா!" என்போம். ஸ்க்ரம்மில் எட்டு பேர் பலமும் முன்வரிசை மூவரின் கழுத்தில்தான் இறங்கும். பழகாதவன் கதி? அதனால்தான், முன்வரிசைக்குப் பழகிய ஆள் இல்லையென்றால் தள்ளாமல் ஸ்க்ரம் போட வேண்டும் என்று விதியே இருக்கிறது.

நடுவர் அப்படிச் சொன்னால் கூச்சல் போடாதீர்கள். அவர் காப்பது நம் தோழனின் கழுத்தை!