துளை ஒன்று, திறன் வேறு

சென்ற மாதம் பங்கு இல்லத்திற்கு ஒரு தாயார் தம் மகனுடன் வந்தார். மகன் வீட்டிலிருந்தே அலுவல் பார்ப்பவர். "சாமி, 7,000 ரூபாய் போட்டு இந்த டாக்கிங் ஸ்டேஷனை வாங்கினோம். கீபோர்டு, மவுஸ் வேலை செய்யுது. பெரிய திரை மட்டும் இருட்டாவே கிடக்கு. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேங்கிறார்" என்றார். அக்குடும்பத்திற்கு அது சிறு தொகையன்று என்பதை நாம் அறிவோம்.

மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் பிணைந்தே உள்ளன. கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கழுத்து குனிகிறது. கண்ணுக்கு ஏற்ப உயர்த்தினால் தோள் வலிக்கிறது. இவ்விடரைத் தவிர்க்க, பெரிய திரை, விசைப்பலகை, பிரிண்டர் ஆகியவற்றை மேசைமேல் டாக்குடன் நிலையாக இணைத்து வைக்கிறார்கள். மடிக்கணினிக்கு ஒரே கேபிள் போதும்.

இக்கருத்து புதிதன்று. 1992-இல் ஆப்பிள் நிறுவனம் பவர்புக் டியோவுடன் டியோ டாக்கையும் வெளியிட்டது. வீடியோ கேசட்டைச் செலுத்துவதுபோல் கணினியையே அதனுள் செலுத்த வேண்டும். பிற நிறுவனத்தாரின் கணினி அதனுள் நுழையாது. ஒரு வகையில் அதுவே நலம். பொருந்தாததைக் கண்ணே காட்டிவிடும்.

2014-இல் வகுக்கப்பட்ட யூ.எஸ்.பி.-சி துளையோ எல்லாக் கணினிகளிலும் ஒரே வடிவினது. தரவு, படம், மின்சாரம் மூன்றையும் அது சுமக்க வல்லது. ஆயினும் மூன்றையும் தந்தே ஆக வேண்டுமென்ற கட்டாயம் உற்பத்தியாளருக்கு இல்லை. தரவு மட்டுமே செல்லும் துளைகளும் உள. அத்தம்பியின் கணினியில் இருந்தது அத்தகையதே. ஆகவே வாங்குமுன், கணினியின் விவரக்குறிப்பில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்', 'பவர் டெலிவரி' என்னும் சொற்கள் உள்ளனவா எனப் பாருங்கள். தண்டர்போல்ட் 3 அல்லது 4 எனில் படம் வரும். டாக் தரும் வாட் அளவு கணினிக்குப் போதுமா என்பதையும் நோக்குக. கடைக்காரரின் 'எல்லாத்துக்கும் பொருந்தும்' என்ற சொல் துளையின் வடிவத்தைப் பற்றியது மட்டுமே.

படத்தையும் தரவாக மாற்றி அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் வகை டாக்குகளும் உண்டு. அவற்றிற்குத் தனி மென்பொருள் வேண்டும். அலுவலகக் கணினியில் அதை நிறுவ அனுமதி கிடைப்பது அரிது.

கணினியைத் திருப்பிப் பார்த்தோம். பக்கவாட்டில் எச்.டி.எம்.ஐ. துளை ஒன்று இருந்தது. பங்கு மன்றத்திலிருந்த பழைய கேபிளால் நம் திரையை நேரே இணைத்ததும் படம் வந்தது. மற்றவற்றுக்கு டாக் பயன்படும். மாலையில் அத்தம்பி ஒன்றுக்குப் பதில் இரண்டு கேபிள்களைக் கழற்ற வேண்டும், அவ்வளவே.