"நல்லா பாத்துக்கோங்க" என்றால் போதுமா?

தலையில் அடிபட்டுச் சிகிச்சை முடிந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனைகளில் சொல்வது ஒன்றுதான்: "வீட்டுல நல்லா பாத்துக்கோங்க." இந்த அறிவுரை ஆதாரமற்றதல்ல. அமெரிக்காவில் கீத் யேட்ஸ் குழுவினர் 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் ஆய்வு செய்து 1997இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காயத்தின் கடுமையோடு, குடும்பச் சூழலும் மீட்சியைப் பாதிக்கிறது. நல்ல சூழல் பாதிப்பைத் தணிக்கிறது, நெருக்கடியான சூழல் கூட்டுகிறது என்றது அந்த ஆய்வு.

நாம் கேட்பது, அந்தச் சூழல் எதனால் ஆனது என்பதைத்தான். சேரியில் பிள்ளைப் பாசத்துக்குக் குறைவில்லை. கூலிக்கும் இடத்துக்கும் நேரத்துக்கும்தான் பஞ்சம். அடிபட்ட மூளைக்குத் தூக்கமும் அமைதியும் ஒழுங்கான அன்றாடமும் வேண்டும். ஒற்றை அறை வீட்டில் அமைதிக்கு எங்கே போவது? அம்மா ஒரு வாரம் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாத வீட்டில் யார் பக்கத்தில் உட்காருவது?

சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. வரவேற்கிறோம். ஆனால் மூளைக் காயத்தின் கணக்கு மணிகளில் முடிவதில்லை. தழும்பு முடிக்குள் மறைந்த பிறகும் மறதி, சட்டென்று வரும் கோபம், களைப்பு, நிலைக்காத கவனம் எல்லாம் நீடிக்கலாம். பிள்ளையின் மூளை வளர்ந்துகொண்டிருப்பதால், சில குறைபாடுகள் மேல்வகுப்புக்குப் போன பிறகே வெளியே தெரியும்.

அப்போது வகுப்பறையில் என்ன நடக்கிறது? வசதியான வீட்டுப் பிள்ளை என்றால், 'ஏதோ பிரச்சினை, டாக்டரிடம் காட்டுங்கள்' என்கிறார்கள். நம் பிள்ளை என்றால், 'காலனிப் பையன், அப்படித்தான் இருப்பான்' என்கிறார்கள். காயத்தின் அறிகுறி சாதியின் குணமாகப் படிக்கப்படுகிறது. பிள்ளை பள்ளியை விட்டு நின்றால், 'பெற்றோருக்கு அக்கறையில்லை' என்ற பழியும் சேர்கிறது.

சட்டமும் கைகொடுப்பதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் மூளைக் காயம் தனி வகையாக இல்லை. நடக்கவும் பேசவும் முடிகிற பிள்ளையின் குறைபாட்டை வேறொரு வகைக்குள் பொருத்திக் காட்டினால்தான் சான்றிதழ். அது இல்லாமல் தேர்வில் கூடுதல் நேரமோ உதவித்தொகையோ பெறுவது கடினம்.

எனவே நாம் கேட்பவை இவை. மூளைக் காயத்தைச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்க வேண்டும். உடனிருந்து பார்க்கும் பெற்றோர் இழக்கும் கூலியை அரசு ஈடுகட்ட வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் நாளில், இனி எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று தாய்க்குப் புரியும் தமிழில் உட்கார்ந்து விளக்க வேண்டும். பள்ளிக்கும் அதை எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதம் தலைமையாசிரியர் மேசையில் இருந்தால், நம் பிள்ளையின் மறதிக்கு யாரும் சாதியில் காரணம் தேட முடியாது.